மூளையின் ரத்தக்குழாய்கள் நரம்பின் பேச்சைக் கேட்பது எப்படி?

17-ஐ 23-ஆல் பெருக்கினால் எவ்வளவு என்று மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். விடையைத் தேட ஆரம்பித்த ஓரிரு விநாடிகளிலேயே, மூளையில் கணக்குப் போடும் பகுதிகளுக்குப் போகும் ரத்தம் கூடத் தொடங்கிவிடும். மூளை முழுக்க அல்ல, வேலை நடக்கும் இடத்தில் மட்டும். அங்கே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கொஞ்சம் விரிந்து வழிவிடுகின்றன.

இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோசோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதைக் கவனித்துவிட்டார். தலையில் அடிபட்டு மண்டையோட்டில் ஒரு பகுதி திறந்தே இருந்த ஒரு மனிதரின் மூளைத் துடிப்பை அவர் கருவி வைத்துப் பதிவு செய்தார். பெருக்கல் கணக்கு ஒன்றைக் கேட்டதும் அந்தத் துடிப்பு உயர்ந்தது. 1890-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் ராய், சார்ல்ஸ் ஷெரிங்டன் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். வேலைக்கு ஏற்றபடி தனக்கான ரத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு மூளைக்குள்ளேயே இருக்கிறது என்று எழுதினார்கள்.

சரி, குழாய் விரிய வேண்டும் என்றால் அதற்கு யாரோ சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்க அதனிடம் ஏதாவது இருக்க வேண்டும். கேட்கும் வேலையைச் செய்பவைதான் ஏற்பிகள்.

ஏற்பி என்பது ஒரு புரதம். பெரும்பாலும் செல்லின் வெளிச்சவ்வில் பதிந்து நிற்கும். தனக்கென்று உள்ள வேதிப்பொருள் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் லேசாக மாறும். அந்தச் சிறு மாற்றம் செல்லுக்குள் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். 1905-ல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி இந்தக் கருத்தை முன்வைத்தபோது அப்படி ஒரு பொருளை யாரும் கண்டதில்லை. நிகோடினும் கியூராரே என்ற தாவர நஞ்சும் ஒரே தசையில் எதிரெதிராக வேலை செய்வதைப் பார்த்து, இரண்டும் வந்து சேரும் பொதுவான ஒரு பொருள் தசையில் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். ஊகம் சரியாகவே இருந்தது.

நரம்புச் செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்களை நரம்பியக்கடத்திகள் என்கிறோம். ஒரு நரம்புச் செல்லிலிருந்து இன்னொரு நரம்புச் செல்லுக்குச் செய்தி கொண்டுபோவதுதான் அவற்றின் வேலை என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிக் கதை. அதே அசிட்டைல்கோலின், அதே நார்அட்ரினலின், அதே செரோடோனினுக்கு மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த மீதிப் பாதியில் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். வேதிப்பொருளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குழாய் விரியுமா சுருங்குமா என்று சொல்ல முடியாது. எந்த வகை ஏற்பி, அது சுவரின் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

மூளைக்கு ஏன் இவ்வளவு நுணுக்கம்?

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு 100 கிராம் மூளைத் திசுவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது. தசையைப் போல எரிபொருளைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு மிகக் குறைவு. ரத்த ஓட்டம் முழுவதும் நின்றால் சுமார் 10 விநாடிகளில் நினைவு தப்பிவிடும்.

அப்படியானால் எல்லாப் பகுதிகளுக்கும் எப்போதும் தாராளமாக அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே ரத்தத்தின் கொள்ளளவு அளவுக்கு மீறினால் அழுத்தம் ஏறும். ஆகவே தேவையான இடத்துக்கு, தேவையான நேரத்தில், தேவையான அளவுக்கு என்று பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்பவை நுண்தமனிகள். இவற்றின் அகலம் கொஞ்சம் மாறினாலே போதும். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது இயற்பியல் விதி. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஆரம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் சுமார் 46 சதவீதம் கூடும். 20 சதவீதம் கூடினால் ஓட்டம் இரட்டிப்புக்கும் சற்று மேலே போகும். ரத்தம் இந்தக் கணக்குக்கு அச்சாக உட்படுவதில்லை என்றாலும், சின்னச் சின்ன ஏற்பிகளுக்கு ஏன் இத்தனை அதிகாரம் என்பது இதிலிருந்து தெரியும்.

சுவரின் அடுக்குகள்

மூளையின் ஒரு சிறு தமனியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்பக்கத்தில் ஒற்றைச் செல் தடிமனில் ஓர் அடுக்கு இருக்கும். அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். அதைச் சுற்றி மென்தசை வளையம். குழாய் சுருங்குவதும் விரிவதும் இந்தத் தசையின் வேலை. அதற்கும் வெளியே இருப்பது இடத்துக்கு இடம் மாறும். மூளையின் பரப்பில் ஓடும் தமனி என்றால் வெளியே நரம்பிழைகள் வலைபோலப் படர்ந்திருக்கும். மூளைத் திசுவுக்குள் ஆழமாக இறங்கிய குழாய் என்றால் அஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களின் பாதங்கள் அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகப் போர்த்தியிருக்கும்.

மென்தசை சுருங்க வேண்டுமென்றால் அதன் செல்லுக்குள் கால்சியம் அயனி ஏற வேண்டும். கால்சியம் இறங்கினாலோ, கால்சியத்துக்குத் தசை காட்டும் உணர்திறன் குறைந்தாலோ தசை தளரும். இத்தனை ஏற்பிகள் இருந்தும் முடிவில் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் வந்து நிற்கின்றன. சில ஏற்பிகள் செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கைத் திறந்துவிடும், தசை இறுகும். சில ஏற்பிகள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைக் கூடுதலாக உருவாக்கும், தசை தளரும். மூன்றாவது வழி கொஞ்சம் சுற்றுவழி. ஏற்பி தசையில் இருக்காது, பக்கத்து அடுக்கான எண்டோதீலியத்தில் இருக்கும். அங்கே செய்தி வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உருவாகித் தசைக்குள் பரவும், சைக்ளிக் ஜிஎம்பி என்ற இன்னொரு சிறு மூலக்கூறு கூடும், தசை தளரும்.

இந்த மூன்றாவது வழி தெரியவந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏற்பி எங்கே இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ராபர்ட் ஃபர்ச்காட் நியூயார்க்கில் பணிபுரிந்த மருந்தியல் அறிஞர். முயலின் பெருந்தமனியைத் துண்டுகளாக வெட்டி, அவற்றின் மீது மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய பல ஆண்டுப் பழக்கம். அசிட்டைல்கோலின் பட்டால் அவருடைய துண்டுகள் சுருங்கும். உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் செலுத்தினாலோ அதே அசிட்டைல்கோலின் குழாய்களை விரிக்கும். ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு பதில்? தமனித் துண்டைத் தயாரிக்கும்போது அதன் உள்பக்கம் வேறு பரப்புகளில் உரசுவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். உரசியதில் எண்டோதீலிய அடுக்கு கழன்று போயிருந்தது. கைபடாமல் எடுத்த துண்டில் அசிட்டைல்கோலின் பட்டதும் தசை தளர்ந்தது. வேண்டுமென்றே உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டுச் சோதித்தால் தளர்ச்சி போய்விட்டது, சுருக்கம் மட்டும் மிஞ்சியது.

இதை அவர் 1980-ல் வெளியிட்டார். எண்டோதீலியத்திலிருந்து வந்து தசையைத் தளர்த்தும் அந்த மர்மப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது அதே பத்தாண்டுகளுக்குள் உறுதியானது. 1998-ல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அசிட்டைல்கோலின் மாறவில்லை. எண்டோதீலியத்தில் உள்ள ஏற்பியைத் தொட்டால் தசை தளர்கிறது. அந்த அடுக்கு இல்லாமல் நேராகத் தசையில் உள்ள ஏற்பியைத் தொட்டால் தசை இறுகுகிறது. நோயால் எண்டோதீலியம் பழுதுபட்ட குழாய்களிலும் இந்த மாதிரிக் கோளாறு வருவது உண்டு.

மூளையில் இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பம் இருக்கிறது. அசிட்டைல்கோலினுக்கான மஸ்கரினிக் ஏற்பிகளில் எம்1 முதல் எம்5 வரை ஐந்து வகைகள் உண்டு. உடலின் மற்ற பல குழாய்களில் விரியும் வேலையை எம்3 பார்த்துக்கொள்கிறது. எம்5 மரபணு நீக்கப்பட்ட எலிகளை வைத்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், அசிட்டைல்கோலினைக் கொண்டு மூளைத் தமனிகளை விரிக்கவே முடியவில்லை என்ற நிலை வந்தது. மூளைக்கு வெளியே உள்ள தமனிகள் வழக்கம்போல விரிந்தன. ஒரே வேதிப்பொருள், ஒரே விளைவு, ஆனால் மூளைக்கு மட்டும் தனி ஏற்பி. மூளையின் குழாய்களை மட்டும் குறிவைத்து மருந்து செய்ய நினைப்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

வெளியிலிருந்து வரும் மூன்று நரம்புகள்

மூளைப் பரப்பில் ஓடும் தமனிகளுக்கு மூன்று திசைகளிலிருந்து நரம்பிழைகள் வருகின்றன.

முதலாவது, கழுத்தின் மேல்பகுதியில் உள்ள நரம்புமுடிச்சிலிருந்து வரும் பரிவு நரம்புகள். பயம், பதற்றம், ஓட்டம் ஆகிய நேரங்களில் உடலை உசுப்பிவிடும் மண்டலத்தைச் சேர்ந்தவை இவை. நார்அட்ரினலினையும் நியூரோபெப்டைடு ஒய் என்ற சிறு புரதத்தையும் வெளியிடுகின்றன. நார்அட்ரினலினுக்கான ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என்று 1948-ல் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். ரத்தக்குழாயில் ஆல்ஃபா சுருக்கும், பீட்டா விரிக்கும். தோலிலும் குடலிலும் உள்ள குழாய்கள் நார்அட்ரினலினைக் கண்டால் நன்றாகவே சுருங்கும். மூளையின் குழாய்கள் அந்த அளவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. இது நியாயமான ஏற்பாடுதான். ஆபத்து நேரத்தில் குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கலாம், யோசிக்க வேண்டிய உறுப்புக்கு எப்படிக் குறைப்பது? அப்படியென்றால் பரிவு நரம்புகளுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி வரும். ரத்த அழுத்தம் திடீரென எகிறும்போது இவை பெரிய தமனிகளை இறுக்கிப் பிடித்து, அந்த வேகம் உள்ளே இருக்கும் நுண்குழாய்களைத் தாக்காமல் காக்கின்றன.

இரண்டாவது, முகத்தின் ஆழத்தில் உள்ள நரம்புமுடிச்சுகளிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள். இவை அசிட்டைல்கோலின், விஐபி எனப்படும் பெப்டைடு (சிறு புரதம்), நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றை வெளியிட்டுக் குழாயை விரிக்கின்றன. மூன்றாவது, முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு. இதன் இழைகள் வலியை உணர்பவை. அதோடு நிற்காமல், தூண்டப்பட்டால் சிஜிஆர்பி என்ற பெப்டைடைக் குழாய்ச் சுவரிலேயே கொட்டும். ஒற்றைத் தலைவலியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரத்தத்திலேயே நார்அட்ரினலின் ஓடுகிறதே, அது மூளையின் குழாயைச் சுருக்காதா? பொதுவாகச் சுருக்காது. மூளையின் எண்டோதீலியச் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுக்கித் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். இதைத்தான் ரத்த–மூளைத் தடுப்பு என்கிறோம். உள்ளே ரத்தத்தோடு ஓடும் நார்அட்ரினலின் அந்த அடுக்கைத் தாண்டி வெளியே இருக்கும் மென்தசையைத் தொட முடியாது. நரம்பு வெளிப்பக்கத்திலிருந்து வந்து சொன்னால் தசைக்குக் கேட்கும், ரத்தம் உள்பக்கத்திலிருந்து சொன்னால் கேட்காது. செல்லின் வகையோடு, பக்கமும் கணக்கில் வருகிறது.

மூளைக்குள் இறங்கிய பிறகு

பரப்பில் ஓடும் தமனிகள் கிளைவிட்டு மூளைத் திசுவுக்குள் செங்குத்தாக இறங்கும். கொஞ்ச தூரத்துக்கு அவற்றைச் சுற்றித் திரவம் நிறைந்த ஒரு சிறு இடைவெளி கூடவே வரும், விர்ஷோ–ராபின் இடைவெளி என்று பெயர். அது முடியும் இடத்தோடு வெளியிலிருந்து வந்த நரம்புகளும் விடைபெறுகின்றன. அப்புறம் குழாயோடு பேசுவது மூளைக்குள்ளேயே இருக்கும் நரம்புச் செல்கள்.

இவற்றில் சில தொலைவிலிருந்து இழை நீட்டுபவை. மூளைத்தண்டில் இருக்கும் லோகஸ் செருலியஸ் என்ற சிறு கூட்டம் நார்அட்ரினலினை அனுப்புகிறது, ராஃபே கருக்கள் செரோடோனினை அனுப்புகின்றன, முன்மூளையின் அடிப்பகுதி அசிட்டைல்கோலினை அனுப்புகிறது. இந்த இழைகளில் பல, குழாய்ச் சுவரை நேராகத் தொடுவதைவிட அதைப் போர்த்தியிருக்கும் அஸ்ட்ரோசைட் பாதங்களுக்குப் பக்கத்தில்தான் முடிகின்றன. அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் கூட்டங்களில் அசிட்டைல்கோலின் அனுப்பும் அந்த அடிப்பகுதிச் செல்களும் உண்டு. ஞாபக மறதியோடு மூளையின் ரத்த ஓட்டமும் குறைவதில் இதற்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

இனி முதலில் கேட்ட மனக்கணக்குக்கு வருவோம். வேலை செய்யும் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசப் பெரும்பாலும் பயன்படுத்துவது குளூட்டமேட். குழாயின் மென்தசை குளூட்டமேட்டை நேராகக் கேட்டுச் செயல்படுவதில்லை. பக்கத்து நரம்புச் செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பியைக் குளூட்டமேட் தொடும், கால்சியம் உள்ளே நுழையும், அங்கே இருக்கும் நொதி நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும், அது பரவிக் குழாயைத் தளர்த்தும். அஸ்ட்ரோசைட்டுகளிலும் குளூட்டமேட்டுக்கான ஏற்பிகள் உண்டு. அவை தூண்டப்பட்டால் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் புரோஸ்டாகிளான்டின் போன்ற பொருள்கள் வெளிவந்து குழாயை விரிக்கும். ஆக, ரத்தம் குறைந்துபோன பிறகு மூளை தவித்துக் கேட்பதில்லை. வேலை தொடங்கும்போதே, அந்த வேலைக்கான செய்தியே ரத்தத்துக்கான வேண்டுகோளாகவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இது.

ஆனால் மூளையில் நரம்புச் செல்களுக்கு மிக அருகில் இருப்பவை நுண்தமனிகள் அல்ல, அவற்றைவிட மெல்லிய குழாய்களான தந்துகிகள். இவற்றில் மென்தசை வளையம் கிடையாது. அங்கங்கே பெரிசைட் என்ற செல்கள் குழாயைக் கைகளால் கட்டிக்கொண்டிருக்கும். குளூட்டமேட்டால் தூண்டப்பட்ட இடத்தில் தந்துகியைச் சுற்றிய பெரிசைட்டுகள் தளர்ந்து கொடுப்பதை 2014-ல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது போதுமா? கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் தலைமடையைத் திறந்தாக வேண்டும். தந்துகியில் எழுந்த கோரிக்கை மேலே இருக்கும் நுண்தமனிக்கும், அதற்கும் மேலே பரப்பில் ஓடும் தமனிக்கும் போய்ச் சேர வேண்டும்.

அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நரம்புச் செல்கள் மும்முரமாக வேலை செய்யும்போது பொட்டாசியம் அயனிகளை வெளியே விடுகின்றன. சும்மா இருக்கும்போது செல்களுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 3 மில்லிமோல் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் ஏறினாலே, தந்துகியின் எண்டோதீலியத்தில் இருக்கும் ஒருவகைப் பொட்டாசியம் வாயில்கள் திறந்துகொள்ளும். அதனால் எழும் மின்மாற்றம் எண்டோதீலியச் செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு என்று குழாய்ச் சுவர் வழியாகவே ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஏறி, மேலே உள்ள நுண்தமனியின் தசையைத் தளர்த்தும். 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. இந்த வாயிலை ஏற்பி என்று சொல்வது கறாரான அர்த்தத்தில் சரியாக இருக்காது. ஆனால் நரம்பின் வேலையை உணரும் உறுப்பாகத் தந்துகியே செயல்படுகிறது என்பதால் இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மூளை ஸ்கேன்களில் சிந்திக்கும் பகுதி வண்ணத்தில் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். 1990-ல் செய்ஜி ஒகாவா அடித்தளம் போட்ட அந்த முறை நரம்பின் மின்சாரத்தை அளப்பதில்லை. விரிந்த குழாய் வழியே கூடுதலாக வந்துசேரும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தை அளக்கிறது. அந்தச் சமிக்ஞை உச்சத்தைத் தொட 5, 6 விநாடிகள் ஆகும். குழாய்களின் ஏற்பிகளைப் பாதிக்கும் மருந்து எதையாவது ஒருவர் எடுத்திருந்தால், நரம்புகள் வழக்கம்போல வேலை செய்தாலும் ஸ்கேன் வேறு மாதிரி தெரியக்கூடும். இதை மறந்துவிட்டு அந்தப் படங்களைப் படிக்கக் கூடாது.

காஃபீன் இதற்கு நல்ல சான்று. அடினோசின் என்ற பொருள் தன் ஏ2 வகை ஏற்பிகள் மூலம் மூளையின் குழாய்களை விரிக்கிறது. காஃபீன் அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அடினோசினுக்கு இடம் கொடுக்காது. இரண்டு மூன்று கோப்பைக் காபியில் இருக்கும் 250 மில்லிகிராம் அளவே மூளையின் ரத்த ஓட்டத்தை 20 முதல் 30 சதவீதம் வரை குறைப்பதாக அளவிட்டிருக்கிறார்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் குழாய்கள் விரிந்து ரத்த ஓட்டம் கூடும், தலைவலி வரும்.

ஒற்றைத் தலைவலியும் இரண்டு ஏற்பிகளும்

ஏற்பிகளைப் பற்றிய அறிவு நேராக மருந்தாக மாறிய இடம் ஒற்றைத் தலைவலி என்னும் மைக்ரேன்.

செரோடோனின் சில தமனிகளைச் சுருக்கும், சிலவற்றை விரிக்கும். அதன் ஏற்பி வகைகள் பதினான்குக்குக் குறையாமல் இருக்கின்றன என்பதால் இதில் வியப்பில்லை. பிரிட்டனில் கிளாக்சோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரியின் குழு, தலையின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் செரோடோனின் ஏற்பியை மட்டும் தூண்டக்கூடிய மூலக்கூறைத் தேடியது. அப்படிப் பிறந்ததுதான் சுமட்ரிப்டான். 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அது தொடும் முக்கிய ஏற்பிகள் இரண்டு. 5-எச்டி1பி குழாயின் மென்தசையில் இருந்து சுருக்கும். 5-எச்டி1டி முக்கிளை நரம்பின் முனைகளில் இருந்து, அந்த நரம்பு தன் பெப்டைடுகளைக் கொட்டாமல் தடுக்கும்.

நல்ல மருந்துதான், ஆனால் ஒரு சிக்கல். 5-எச்டி1பி ஏற்பி இதயத்தின் தமனிகளிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆரோக்கியமான இதயத்துக்கு இது பெரும்பாலும் பொருட்டில்லை. ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத் தமனி மேலும் சுருங்கினால் ஆபத்து. அதனால்தான் இதயத் தமனி நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு மருத்துவர்கள் டிரிப்டான் வகை மருந்துகளைக் கொடுப்பதில்லை.

அடுத்த கதாநாயகன் சிஜிஆர்பி. 1980-களின் தொடக்கத்தில், கால்சிட்டோனின் ஹார்மோனுக்கான மரபணுவை நரம்பு மண்டலம் வேறு விதமாக வெட்டி ஒட்டிப் படிப்பதால் உருவாகும் பெப்டைடாக இது கண்டறியப்பட்டது. குழாய்களை விரிப்பதில் மிகமிக வலுவானது. மைக்ரேன் வந்திருக்கும் நேரத்தில் தலையிலிருந்து இறங்கும் சிரையின் ரத்தத்தில் இது கூடியிருப்பதைப் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் ஆகியோர் 1990-ல் காட்டினார்கள். பிறகு மைக்ரேன் உள்ளவர்களின் ரத்தத்தில் இதைச் செலுத்திப் பார்த்தபோது பலருக்கு மைக்ரேன் போன்ற தலைவலியே வந்தது.

இதன் ஏற்பி கொஞ்சம் விசித்திரமானது. ஒரு புரதம் மட்டும் இருந்தால் வேலை நடக்காது. ரேம்ப்1 என்ற இன்னொரு புரதம் வந்து சேர்ந்தால்தான் அது சிஜிஆர்பியை ஏற்கும். 1998-ல் இது தெரிந்தபோது, ஏற்பி என்றால் ஒரே புரதம் என்ற பழைய நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. இந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு சிஜிஆர்பியை வரவிடாமல் செய்யும் எதிர்ப்பொருள் மருந்து எரெனுமாப், 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கூடவே வந்த வேறு சில எதிர்ப்பொருள்கள் ஏற்பியை விட்டுவிட்டுச் சிஜிஆர்பியையே பிடித்துவைக்கின்றன. ஜெபான்ட் என்று முடியும் பெயர்களில் வரும் மாத்திரைகளும் இதே ஏற்பியைத்தான் அடைக்கின்றன. இவை குழாயைச் சுருக்குவதில்லை, விரியச் சொல்லும் செய்தியை மட்டும் நிறுத்துகின்றன. 2021-ல் கோட்ஸ்பி, எட்வின்சன், மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் நால்வரும் இந்தப் பணிகளுக்காகப் பிரெய்ன் பரிசு பெற்றார்கள்.

ஏற்பிகள் நிலையாக ஒரே இடத்தில் ஒரே எண்ணிக்கையில் இருப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. மூளையின் மேற்பரப்பில் ரத்தக்கசிவு ஏற்பட்டுத் தப்பித்தவர்களுக்கு, சில நாள்கள் கழித்து மூளைத் தமனிகள் இறுகிச் சுருங்கும் அபாயம் உண்டு. குழாயை மிக வலுவாகச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பெப்டைடுக்கு, பி வகை ஏற்பி இயல்பாக எண்டோதீலியத்தில் இருந்து விரிக்கும் வேலையைச் செய்கிறது. ரத்தக்கசிவுக்குப் பிறகு விலங்குகளின் மூளைத் தமனிகளில் அதே பி ஏற்பி மென்தசையில் புதிதாக முளைத்து, சுருக்கும் வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஏற்பி பழையதுதான். அடுக்கு மாறியதும் பதில் தலைகீழாகிவிட்டது.

மைக்ரேனில் வலி எங்கிருந்து வருகிறது, விரியும் குழாயிலிருந்தா, அதைச் சுற்றிய நரம்பிலிருந்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விரிந்த குழாய் வலிக்கிறது என்பது பழைய கொள்கை. என் பார்வையில் நரம்பின் பக்கம்தான் சான்று கனமாக இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாஸ்மிடிடான், முக்கிளை நரம்பில் உள்ள 5-எச்டி1எஃப் ஏற்பியைத் தூண்டுகிறது. ரத்தக்குழாயைச் சுருக்காமலேயே மைக்ரேனைத் தணிக்கிறது. எரெனுமாப் பெரிய மூலக்கூறு என்பதால் ரத்த–மூளைத் தடுப்பை மிகக் குறைவாகவே கடக்கும், ஆனாலும் வேலை செய்கிறது. அப்படியென்றால் அதன் இலக்கு பெரும்பாலும் தடுப்புக்கு வெளியே, மூளையுறையின் குழாய்களிலும் முக்கிளை நரம்பின் முடிச்சிலும் இருக்க வேண்டும். லாஸ்மிடிடான் தடுப்பைக் கடந்து உள்ளே போகும் மருந்து. தலைசுற்றலும் மயக்கமும் தரும் என்பதால், அதைச் சாப்பிட்டவர் 8 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் அது விற்பனைக்கு வருகிறது.